சைலஸ் துறைக்கு அவை வரும் நாள்

டார்பி முனை,
நியூஃபவுண்ட்லாந்து.
ஜூன் 9, 1980

அண்ணா,

கையெழுத்தைப் பார்த்ததுமே அடுப்பில் போட்டுவிடாதே. போடத்தான் போகிறாய் என்றால், எஃபி அண்ணி ஒருமுறை படித்த பிறகு போடு.

மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு நங்கூரக் கயிறுகளில் நிற்கும் உன் பெட்டி வலையில் திமிங்கிலம் சிக்கிய அந்தக் காலையில் நீ துப்பாக்கியை எடுத்தாய், நான் கத்தியை எடுத்தேன். திமிங்கிலம் பிழைத்துவிட்டது. வலை கடலுக்கு அடியில் போய்விட்டது. அந்தக் கோடைக்கு வரவேண்டிய காட் மீன் முழுவதும் அதோடு போயிற்று. கரையேறியதும், "என் படகுல இனிமே உனக்கு இடமில்ல. வீட்லயும் இல்ல" என்றாய். நானும் அடுத்த கப்பலில் ஏறிவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.

இப்போது உங்களுக்கு எழுபது மைல் தெற்கே, இந்த முனையில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கும் டாக்டர் கின்செல்லா என்ற அம்மாளிடம் வேலை. வலையில் சிக்கும் திமிங்கிலங்களை விடுவிக்கப் போவோம். மற்ற நேரமெல்லாம் பாறைமேல் உட்கார்ந்து, எது எப்போது வந்தது, எந்தப் பக்கம் போனது என்று எழுதிவைப்போம். கூன்முதுகுத் திமிங்கிலம் ஆழத்துக்கு முங்கும்போது வாலைத் தூக்குமே, அந்த வாலின் அடிப்பக்கம் ஒன்றைப்போல் இன்னொன்றுக்கு இருப்பதில்லை. படம் எடுத்து வைத்தால் அடுத்த முறை ஆளை அடையாளம் தெரிந்துவிடும்.

அவை கண்டபடி அலைவதில்லை, அண்ணா. குளிர்காலம் முழுக்க தெற்குக் கடலில் பட்டினி கிடந்துவிட்டு, கோடையில் வயிறு நிரப்பவே நம் கரைக்கு வருகின்றன. கேப்லின் மீன் முட்டையிட எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ அங்கேதான் அவையும் நிற்கின்றன. ஒரு குடாவில் பத்து நாள். அங்கே கேப்லின் ஓய்ந்ததும் அடுத்த குடா. போன வருடம் ஜூன் 18 அன்று இங்கே நின்ற ஒன்றை, 24ஆம் தேதி உங்கள் ஊருக்கு வெளியே ஒரு படகிலிருந்து படம் எடுத்திருக்கிறார்கள். அதே வால்.

அதனால்தான் எழுதுகிறேன். இங்கிருந்து அவை கிளம்பியதும் உனக்குச் சொல்கிறேன். அந்தச் சில நாட்கள் மட்டும் வலையை மேலே எடுத்து வை. கடைத் தொலைபேசியில் கூப்பிடலாம்தான். ஆனால் அதில் ஊரே காது வைத்திருக்கும், நாமும் பேசமாட்டோம், கத்துவோம். கடிதத்தில் கத்த முடியாது.

வெரீனா


சைலஸ் துறை,
ஜூன் 16

வெரீனா,

எஃபி எழுதச் சொன்னாள். எழுதினால்தான் சாப்பாடாம்.

திமிங்கிலம் பிழைத்தது என்கிறாய். நாங்கள் எப்படிப் பிழைத்தோம் என்று கேட்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க நான் மரம் வெட்டும் முகாமில் கிடந்தேன். எஃபி இரண்டு பிள்ளைகளை ரொட்டியும் வெல்லப்பாகும் கொடுத்தே வசந்தம்வரை கொண்டுவந்தாள். இந்தப் புது வலையை முகாமில் ராத்திரிகளிலும், போன குளிர்காலம் முழுக்க வீட்டிலும் உட்கார்ந்து நானே பின்னினேன். என் தோள் இன்னும் சரியாகவில்லை.

இந்த வருடம் யார் எங்கே வலை போடுவது என்ற சீட்டுக் குலுக்கலில் கல் முனை எனக்கு விழுந்திருக்கிறது. இந்த ஊரிலேயே நல்ல இடம் அதுதான் என்று உனக்குத் தெரியும். எட்டு வருடமாக எனக்கு விழாதது. உன் இடத்தில் இப்போது எஃபியின் தம்பி ஹேவர்டைப் படகில் வைத்திருக்கிறேன். சீட்டைப் பிரித்ததும் அவன் கூடத்திலேயே குதித்தான். அந்த இடத்தில் போட்ட வலையைத்தான் நீ எடுத்து வைக்கச் சொல்கிறாய். ஹேவர்டிடம் சொன்னேன். "திமிங்கிலம் விருந்துக்கு வருதுன்னு நாம கடைய சாத்திட்டுப் போகணுமா? நல்லா இருக்கு மச்சான் உன் தங்கச்சி ஞாயம்!" என்றான்.

இங்கே திமிங்கிலமும் இல்லை, கேப்லினும் இல்லை. போன வாரம் வலை இறக்கும்போது விரல் மரத்துப்போய் முடிச்சுப் போட முடியவில்லை. ஜூன் பாதியில் இப்படித் தண்ணீரை நான் தொட்டதில்லை. வடக்கே மிதந்து வந்த ஒரு பனிமலை தரை தட்டி அசையாமல் நிற்கிறது.

எழுதாதே என்று சொல்லவில்லை. எழுதினால் கேட்பேன் என்றும் சொல்லவில்லை.

அசரியா


டார்பி முனை,
ஜூன் 22

அண்ணா,

அவை கிளம்பிவிட்டன.

ஒன்பது நாள் இங்கே பதினொரு திமிங்கிலங்கள் நின்றன. கரையில் கேப்லின் வெள்ளி வெள்ளியாய்ப் புரண்டது. ஊரே வாளி எடுத்துக்கொண்டு வந்து அள்ளியது. பாறையிலிருந்து பார்த்தால் திமிங்கிலத்தின் திறந்த வாய்க்குள்ளேயே எட்டிப் பார்க்கலாம் போல அவ்வளவு கிட்டத்தில் மேய்ந்தன. நேற்று முன்தினம் கேப்லின் நின்றது. நேற்று நான்கு இருந்தன. இன்று காலை ஒன்றுகூட இல்லை. கடைசியாகப் போனதன் வாலில் தூண்டில் முள் போல ஒரு வெள்ளைக் கோடு. அது வடக்கு முகமாக முங்கியதை நானே பார்த்தேன்.

போன வருடம் ஆறு நாள் எடுத்துக்கொண்டன. இந்த முறையும் 27 அல்லது 28 அன்று உங்கள் கல் முனையில் நிற்கும். 26ஆம் தேதி வலையை எடுத்துவிடு. ஒரு வாரம்தான் கேட்கிறேன்.

கின்செல்லா அம்மாவிடம் இதைச் சொன்னேன். "ஒரே ஒரு வருஷக் கணக்க வச்சு இன்னொருத்தர் பொழப்புல தேதி குறிக்காத, வெரீனா" என்றார். நான் கேட்கவில்லை. அவர் கடலோரத்தில் பிறந்தவர் இல்லை. நான் உன் படகில் ஆறு கோடை இருந்தவள். எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.

தயவுசெய்து எடுத்துவிடு.

வெரீனா


சைலஸ் துறை,
ஜூலை 6

வெரீனா,

எடுத்தேன்.

26ஆம் தேதி காலையில் வலையை மேலே எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இதுவரை எனக்கே விளங்கவில்லை. இன்னொரு வலை போனால் பின்னுவதற்குத் தோள் இல்லை என்ற பயம்தான் காரணமாக இருக்கவேண்டும். எட்டு நாள் கல் முனை காலியாகக் கிடந்தது. ஒரு திமிங்கிலம் வரவில்லை. ஒரு மூச்சுக்கூட மேலே எழும்பவில்லை.

காட் வந்தது. நல்ல கூட்டம். என்னை விட மோசமான இடத்தில் வலை போட்டவர்களெல்லாம் படகு தண்ணீரில் அமுங்க அமுங்க வந்து சேர்ந்தார்கள். நான் துறையில் நின்று அவர்கள் கயிறு வீசியதைப் பிடித்துக் கட்டினேன். "அசரியா, இன்னிக்கு வெயிலா மழையா? தங்கச்சி காயிதம் வந்துச்சா?" என்று ஒருவன். "அவன்கிட்ட கேக்காத, அவன் திமிங்கிலத்துக்குப் பாய் விரிச்சிட்டுக் காத்திருக்கான்" என்று இன்னொருவன். ஹேவர்ட் நான்கு நாளாக என்னோடு பேசவில்லை. அவனுக்கும் பங்கு போயிற்றே.

முதல் தடவை என் வலையைக் கத்தியால் தொலைத்தாய். இந்தத் தடவை பேனாவால்.

வலையை மறுபடி இறக்கிவிட்டேன். இனி எடுக்கமாட்டேன்.

அசரியா


டார்பி முனை,
ஜூலை 12

அண்ணா,

தப்பு என்னுடையது. சமாதானம் எதுவும் சொல்லமாட்டேன்.

உன் கடிதம் வந்த அன்றே கின்செல்லா அம்மாவின் படகை எடுத்துக்கொண்டு தேடப் போனேன். அவர், "இப்ப எங்கன்னு தேடுவ?" என்றார். "எல்லா இடத்துலயும்" என்றேன். மூன்று நாள். வெளிக்கடலில் இல்லை. உங்களுக்கும் எங்களுக்கும் நடுவே இருக்கிற மெரிட் வளைகுடாவுக்குள் நுழைந்து, அதன் உள்கோடிக்குப் போனேன்; ஆறு வந்து கலக்கிற இடம். தூண்டில் முள் வால் அங்கே நின்றது. அதோடு இன்னும் ஏழு.

வடக்கே உங்கள் பக்கத்துத் தண்ணீர் பனிக்கட்டி போல இருந்ததால் கேப்லின் கரைக்கு வராமல் தள்ளி நின்றுவிட்டது. வளைகுடாவின் உள்ளே தண்ணீர் கொஞ்சம் சூடு. அங்கே வந்த கேப்லினைத் தின்றுகொண்டு இவை மூன்று வாரமாக அங்கேயே கிடக்கின்றன. அவற்றுக்கு வடக்கு என்று ஒரு திசை கிடையாது, அண்ணா. சாப்பாடு இருக்கும் பக்கம்தான் திசை. நான் திமிங்கிலத்தைப் பார்த்துத் தேதி குறித்தேன். மீனையும் தண்ணீரையும் பார்க்கவில்லை.

நீ எழுதியிருந்தாய், விரல் மரத்தது என்று. அந்த வரியை இரண்டு முறை படித்தேன். உனக்காக வருத்தப்பட்டேனே தவிர, அதுதான் பதில் என்று எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை இரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு வந்தபிறகு இதுவரை பதினான்கு திமிங்கிலங்களை விடுவித்திருக்கிறோம். அநேகமாக ஒவ்வொன்றையும் பிடித்து வைத்திருந்தது ஒரே ஒரு கயிறுதான். வாய் ஓரத்தில் மாட்டியிருக்கும், இல்லை வால் அடியில் சுற்றியிருக்கும். அன்று நான் பயத்தில் கைக்குக் கிடைத்த நான்கு நங்கூரக் கயிறுகளையும் வெட்டினேன். வலை போனதற்கு அதுதான் காரணம். ஒன்றை மட்டும் வெட்டியிருந்தால் போதும். உன் வலையைக் காப்பாற்றியிருக்கலாம்.

திமிங்கிலத்தை விட்டதற்கு வருந்தவில்லை. அந்த மூன்று கயிறுகளுக்கு வருந்துகிறேன்.

இப்போது அவசரமான விஷயம். உள்கோடியில் கேப்லின் ஓய்கிறது. உங்கள் பக்கம் தண்ணீர் சூடானதும் தள்ளி நிற்கும் கேப்லின் கரையேறும். அன்று திமிங்கிலம் வரும். தேதி சொல்லமாட்டேன். சொல்லும் தகுதி எனக்கு இல்லை. நீதான் தண்ணீரைத் தொடுகிறவன்.

வலையை எடுக்கமாட்டாய் என்று தெரியும். அதனால் இதை மட்டும் வைத்துக்கொள். சிக்கினால் கிட்டே போய் இன்ஜினை நிறுத்து. அது களைத்து அமைதியாகும்வரை பொறு. கொக்கியைப் போட்டுத் துழாவு. எந்தக் கயிறு இறுகிக் கிடக்கிறதோ, இழுத்தால் எது திமிங்கிலத்தின் எடையோடு வருகிறதோ, அதை மட்டும் வெட்டு. வாலுக்குப் பின்னால் படகைக் கொண்டுபோகாதே. கையைக் கயிற்றுச் சுருளுக்குள் விடாதே.

வெரீனா


சைலஸ் துறை,
ஜூலை 20

வெரீனா,

சிக்கியது.

14ஆம் தேதி தென்மேற்குக் காற்று திரும்பியது. 15ஆம் தேதி காலையில் வலையைத் தூக்கக் கை விட்டேன், தண்ணீர் கடிக்கவில்லை. அன்றே கரையில் கேப்லின். பிள்ளைகள் வாளியோடு ஓடினார்கள். மறுநாள் கல் முனைக்கு வெளியே மூன்று மூச்சு எழும்பியது. ஹேவர்ட் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

17ஆம் தேதி காலை ஐந்தரை மணிக்குப் போகிறோம், பாதி மிதவைகளைக் காணோம். முங்கிவிட்டன. வலையின் ஓரத்தில் கறுப்பாக ஒரு முதுகு. மூச்சு விடும்போது அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் படகு முழுக்க அடித்தது.

ஹேவர்ட் துப்பாக்கியோடு எழுந்துவிட்டான். "சுடு மச்சான். இல்லேன்னா நான் சுடுறேன். ரெண்டு வருஷம் தின்னது போதாதா அதுங்க?"

"உக்காருடா."

"எதுக்கு உக்காரணும்? தங்கச்சி காயிதம் வரட்டும்னா?"

"சுட்டா என்ன ஆகும், யோசிச்சியா? முப்பது டன் பொணம் நேரா அடிக்குப் போகும். வலை அதுமேல சுத்திக்கிட்டுக் கூடவே போகும். நீ வந்து பின்னிக் குடுப்பியா?"

துப்பாக்கியைக் கீழே வைத்தான். உட்கார்ந்தான். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. முந்தின நாள் கப்பலில்தான் வந்தது. அதை எடுத்து அவனிடம் கொடுத்து, சத்தமாகப் படி என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு படித்தான்.

இன்ஜினை நிறுத்தினோம். பொறு என்று எழுதியிருந்தாயே, எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. ஒன்றரை மணி நேரம். அது இழுக்கும், படகு சாயும். விடும், படகு நிமிரும். ஹேவர்ட் இரண்டு முறை ஜெபம் சொன்னான், ஒரு முறை உன்னைத் திட்டினான். கடைசியில் அது தண்ணீர் மட்டத்தில் கட்டை போலக் கிடந்தது. கொக்கி போட்டேன். ஒரு கயிறு தளர்வாக வந்தது. விட்டேன். அடுத்ததும் தளர்வு. மூன்றாவதை இழுத்ததும் படகே அதன் பக்கம் போயிற்று. வாய் ஓரத்தில் மாட்டிக்கொண்டு, தோலை அறுத்து, வெள்ளையாக உள்ளே பதிந்திருந்தது.

"இதா?" என்றான் ஹேவர்ட்.

"இதுதான்."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

வெட்டினேன். அது போகவில்லை. விட்டது தெரியாமல் அங்கேயே கிடந்தது. பிறகு ஹேவர்ட் எழுந்து நின்று, "போயேன், மூதேவி! கதவ தொறந்தாச்சு, போயேன்!" என்று கத்தினான். கத்தியதால் போயிற்றோ என்னவோ, ஒரு மிதவையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. வலையில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. இரண்டு நாளில் தைத்துவிட்டோம். நேற்று மறுபடி இறக்கினோம். இன்று காலை படகு நிறைய காட்.

அந்த மூன்று கயிறுகளைப் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன். இரண்டு வருடமாக நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். ஆனால் அதனால் அந்தக் குளிர்காலம் இல்லாமல் போய்விடாது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அசரியா


டார்பி முனை,
ஜூலை 25

அண்ணா,

உன் கடிதத்தைப் பாறைமேல் உட்கார்ந்து படித்தேன். கின்செல்லா அம்மா வந்து, "என்ன, கெட்ட சேதியா?" என்றார். இல்லை, வலை மறுபடி கடலில் இருக்கிறது என்றேன்.

அந்தக் குளிர்காலம் இல்லாமல் போகாது. போகவேண்டும் என்று நான் கேட்கவும் மாட்டேன்.

அவை இன்னும் அங்கே நிற்கின்றனவா? எங்கே நிற்கின்றன, எந்த நேரத்தில் என்று பார்த்து எழுதுவாயா? எங்களிடம் எந்த வளைகுடாவுக்கு எப்போது போகின்றன என்ற கணக்கு இருக்கிறது. ஒரு துறைக்குள் வந்தபின் நாள் முழுக்க என்ன செய்கின்றன என்று தெரியவில்லை. அதற்கு அங்கேயே கிடக்கிற ஆள் வேண்டும்.

முடியாது என்றால் வேண்டாம். நீ சொன்னதே போதும்.

வெரீனா


சைலஸ் துறை,
ஆகஸ்ட் 10

வெரீனா,

நீ கேட்பதற்கு முன்பே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கேட்டதால் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

பன்னிரண்டு நாள் நின்றன. ஒவ்வொரு நாளும் ஒரே சுற்றுதான். மாலையில் கேப்லின் கரைக்கு வரும். அவையும் கூடவே வந்து, மணல் தட்டும் இடம்வரை ஒட்டி மேயும். காலையில் வெயில் ஏறியதும் கேப்லின் வெளியே ஆழத்துக்கு இறங்கும். ஒன்பது மணிக்கெல்லாம் அவை கல் முனையைச் சுற்றிக்கொண்டு வெளிப்பாறைக்குப் போய்விடும். மூடுபனி நாளில் மட்டும் மதியம்வரை கரையிலேயே. வரும்போதோ போகும்போதோ கல் முனையைச் சுற்றுகையில்தான் மாட்டுகின்றன. பெட்டியில் இல்லை, கரையிலிருந்து பெட்டியின் வாசல்வரை போகிறதே நீள வலை, அதில். அது அவை போகிற வழிக்கு நேர் குறுக்கே நிற்கிறது.

ஆகவே முழு வலையையும் ஒரு வாரம் எடுத்து வைக்கத் தேவையில்லை. கேப்லின் கரையில் இருக்கும் நாட்களில், சாயங்காலம் அந்த நீள வலையை மட்டும் சுருட்டிக் கட்டிவிட்டு, மறுநாள் ஒன்பது மணிக்கு, மூடுபனி என்றால் மதியத்துக்கு மேல், இறக்கினால் போதும். கடைசி ஏழு நாள் அப்படிச் செய்தேன். ஒன்றும் மாட்டவில்லை. மீனும் அவ்வளவாகக் குறையவில்லை. வேலை அதிகம், ஹேவர்ட் முனகினான். முனகட்டும். எந்த வாரம் என்று நீ சொல். எந்த மணி என்று நான் சொல்கிறேன்.

இப்போது விஷயம். இந்தக் கோடையில் இந்தக் கரையில் ஐந்து வலைகள் போயிருக்கின்றன. பக்கத்துத் துறைகளின் படகுக்காரர்கள் எல்லோரும் இம்மாதம் 30ஆம் தேதி எங்கள் தேவாலயக் கூடத்தில் கூடுகிறார்கள். திமிங்கிலத்தைச் சுட அனுமதி கேட்டு மனு எழுதப்போகிறார்கள். கையெழுத்துக்கு என்னிடமும் வந்தார்கள். முதலில் என் தங்கை பேசட்டும் என்றேன். "எந்தத் தங்கச்சி? அந்த ஜூன் மாசத் தேதிக்காரியா?" என்று சிரித்தார்கள். ஹேவர்ட் எழுந்து, "ஆமா, அவதான். ஒரு கயிறுன்னு சொன்னவளும் அவதான்" என்றான். நான் எதிர்பார்க்கவே இல்லை. பிறகு யாரும் சிரிக்கவில்லை. பேசட்டும் என்றார்கள், ஆனால் மனுவைக் கைவிட யாரும் சம்மதிக்கவில்லை. முப்பது பேராவது உன்னை எதிர்த்துத்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நீயே வந்து சொல். மேடையில் உன் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். அதைப் பார்த்தாலே அவர்களுக்குப் புரியும்.

எஃபி மேல்மாடியில் உன் அறையைக் கழுவிவிட்டாள்.

அசரியா


டார்பி முனை,
ஆகஸ்ட் 15

அண்ணா,

28ஆம் தேதிக் கப்பலில் வருகிறேன். படங்களையும், இரண்டு வருடத் தேதிகளையும், உன் கடிதங்களையும் கொண்டுவருகிறேன். ஜூனில் நான் சொன்னது எப்படிப் பொய்த்தது, அதனால் யாருடைய பிழைப்பு எட்டு நாள் போயிற்று என்பதில்தான் பேச்சைத் தொடங்கப்போகிறேன். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்கவும் கூடாது.

ஒரே ஒரு வேண்டுதல். மேடையில் என் பக்கத்தில் உட்காராதே. கீழே முதல் வரிசையில், எனக்கு நேர் எதிரே உட்கார். தெரியாததைத் தெரிந்ததுபோல் நான் சொல்ல ஆரம்பித்தால் உன் முகத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் நான் நிறுத்தாவிட்டால், நீ எழுந்து நிறுத்து.

வெரீனா